ஓர் அட்டை, வலது கால், செவ்வாய்க்கிழமை

நல்லமுத்து தன் ஐம்பத்து நான்கு வயதுவரை யார் மீதும் எழுத்தில் ஒரு முறைப்பாடு செய்தவர் அல்ல. தேயிலைத் தோட்டத்தில் அவர் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம் ஏழு இடத்தில் ஒழுகியது. ஏழு பாத்திரம் வைத்தார். தண்ணீர்க் குழாய் வருடத்தில் பாதி நாள் வெறும் காற்றை விட்டது; கீழே ஊற்றுப் பீலிக்குப் போய்த் தூக்கி வந்தார். அவர் தேயிலைக்குள் மழைநீர் வடியக் கான் வெட்டிய நாளில் ஒன்றை, வேலைநாள் குறிக்கிற கண்டாக்கு ஐயா பதிய மறந்தபோதுகூட, ஐயாவுக்கு எவ்வளவு வேலை, பாவம் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் கடைசியில் ஒரு முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தார். அதுவும் இருபது வருடமாக அவரை ஒருநாளும் ஏமாற்றாத ஒரே பொருளின் மேல். அந்த அநியாயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அதை நடத்திவைத்தவர்கள் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

பொருள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சவுக்காரக் கட்டி. கொட்டகலை பஜாரில் ஹலீம் முதலாளியின் கடைப் பின்கட்டில் அவர் மனைவி றுக்கையா காய்ச்சி, ஊற்றி, அறுத்து வைப்பது. அதற்குப் பெயர் கிடையாது, உறை கிடையாது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். வேப்பெண்ணெயும் புகையிலைத் தண்ணீரும் கலந்த அதன் வாசனையை யாரும் புகழ்ந்ததில்லை. ஆனால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், அதை நனைத்து முழங்காலிலிருந்து விரல்நுனிவரை தேய்த்துக்கொண்டால், மாலை மலையிறங்கும்வரை ஓர் அட்டை கிட்டே வராது. மழைக்காலத் தேயிலைக்குள் நின்று பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை: அட்டை ஏறுவதும் தெரியாது, கடிப்பதும் தெரியாது, குடித்துவிட்டு இறங்கிப் போவதும் தெரியாது. அதற்குப் பிறகு நிற்காமல் ஓடுகிற இரத்தம் மட்டும் தெரியும்.

நல்லமுத்துவின் மனைவி அம்மாக்கண்ணு கொழுந்தெடுக்கிற மலையில் இருபத்திரண்டு பெண்கள். அந்தச் சவுக்காரம் தேய்க்காத கால் அவர்களில் ஒருத்திக்கும் இல்லை. நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு கட்டி, ஒரு மாதம் வரும். காசைக் கொடுத்துவிட்டு வயிறெரியாமல் வீட்டுக்கு வரக்கூடிய பொருள் என்று அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது. ஊரடங்குக் காலத்தில் பஸ் ஓடாதபோது, றுக்கையா ஒரு மூட்டைச் சவுக்காரத்தை மரக்கறி லொறியில் ஏற்றி, காசைப் பற்றிப் பேச்சே இல்லாமல் லயத்துக்கு அனுப்பியிருந்தாள். அதை நல்லமுத்து மறக்கவில்லை. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யாரையும் கேட்காமல் ஒரு பொருள் இப்படி நன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாத இடம் ஒன்று நுவரெலியாவில் இருந்தது. விலைத்தகுதி உறுதிப்பாட்டுச் சபை என்று பெயர். மும்மொழிப் பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பைவிட நீளமாகப் போய்விட்டதால், மீதியைத் தாங்க மதிலைக் கொஞ்சம் நீட்டிக் கட்டியிருந்தார்கள். மக்கள் கொடுக்கிற காசுக்கு எந்தப் பொருள் பெறுமதி என்று மக்களுக்குச் சொல்வது சபையின் வேலை. மக்களிடம் கேட்பது அதன் வேலை அல்ல. மேனியில் பூசும் எதையும் சபையின் சான்று இல்லாமல் வருட முடிவுக்குப் பிறகு விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை கள உத்தியோகத்தர் பிரியந்தி கடைக்கு வந்தாள். நல்ல பிள்ளை. மழையில் நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சவுக்காரம் வாங்க வந்த நல்லமுத்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"இதோட பெயர் என்னங்க?" என்றாள், கையிலிருந்த திரையைத் தட்டிக்கொண்டே.

"சவுக்காரம்," என்றாள் றுக்கையா.

"அது வகைங்க. பெயர்?"

றுக்கையா கணவனைப் பார்த்தாள். ஹலீம் கூரையைப் பார்த்தார். பிரியந்தி தானே 'றுக்கையா' என்று பதிந்துகொண்டு, ஆறு கட்டிகளை ஒரு பையில் போட்டு, முத்திரை வைத்து எடுத்துப் போனாள். போகும்போது தன் கணுக்காலில் சொறிந்துகொண்டே ஏழாவதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினாள். அது பதிவில் இல்லை.

ஒரு மாதம் கழித்து முதல் பெறுபேறு வந்தது. பிரியந்தியே கொண்டுவந்து வாசித்தாள். சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு மேசைமேல் சவுக்காரத்தையும், பக்கத்தில் சவுக்காரம் வைக்காத இன்னொரு மேசையையும் ஏழு நாள் கண்காணித்திருக்கிறார்கள். சவுக்காரம் இருந்த மேசையை எந்த அட்டையும் அணுகவில்லை. வெறும் மேசையையும் அணுகவில்லை. எனவே அட்டையைத் தடுப்பதில் சவுக்காரமும் மேசையும் சமம் என்றும், மேசை நீண்ட காலம் உழைப்பதால் விலைக்கேற்ற தகுதி மேசைக்கே அதிகம் என்றும் அறிக்கை சொன்னது.

"அங்க அட்டையே இல்லியே புள்ள," என்றார் நல்லமுத்து. வாயைத் திறந்துவிட்டோமே என்று உடனே அவருக்குக் கூச்சமாகப் போயிற்று.

"அதைத்தான் நானும் குறிப்பில எழுதினேங்க," என்றாள் பிரியந்தி.

குறிப்பை மேலிடம் ஏற்றுக்கொண்டது. அட்டை வாங்க விலைமனு கோரப்பட்டது. சபையின் தோட்டத்துப் புல்லில் குனிந்தால் கை நிறைய அள்ளலாம். ஆனால் மூன்று விலைமனு இல்லாமல் எதையும் அள்ளக் கூடாது. குறைந்த விலை கேட்ட ஒருவர் ஐம்பது அட்டைகளைப் போத்தலில் போட்டு, கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்பிவைத்தார். அவை வந்து சேர்ந்ததும் களஞ்சியப் புத்தகத்தில் ஒன்று முதல் ஐம்பது வரை இலக்கமிட்டுப் பதியப்பட்டன. பதிந்த பிறகுதான் ஒருவர் சட்டத்தைக் கவனித்தார்: புத்தகத்தில் ஏறிய அட்டை சபையின் சொத்து. சபையின் சொத்துக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய எதையும் அதன் அருகே கொண்டுபோக முடியாது. சவுக்காரம் வேலை செய்தால் அட்டைக்குச் சேதம். வேலை செய்யாவிட்டால் ஆய்வுக்குப் பயனில்லை. ஆய்வு நிறுத்தப்பட்டது. அட்டைகளுக்குச் சாப்பாட்டுக்கென்று ஒரு தொகை ஒதுக்கினார்கள்.

"இனி முறைப்பாட்டுக் கோப்பு ஒண்ணுதாங்க வழி," என்றாள் பிரியந்தி. நூறு புள்ளியில் பொருளின் தரத்துக்குப் பத்து, உறைக்கு முப்பது, முறைப்பாட்டைத் தீர்க்கும் திறனுக்கு அறுபது. "உங்க சவுக்காரத்து மேல எத்தனை முறைப்பாடு இருக்குங்க?"

"ஒண்ணும் இல்லியே மகள்," என்றாள் றுக்கையா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது.

பிரியந்தி உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஒன்றுமில்லை என்றால் அறுபதுக்குப் பூச்சியம். 'ராஜகவசம்' என்று இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு ஸ்பிரே வந்திருந்தது. அதன் மேல் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடு. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டுக்கும் அச்சடித்த பதில் போயிருந்தது. அதற்கு அறுபதுக்கு அறுபது. அதை அடித்துக்கொண்டு மலைக்குப் போனால் அட்டைகள் வாசனை பிடித்து ஏறுகின்றன என்பது தரத்தின் கீழ் வரும் விஷயம். அதில் பத்துப் புள்ளிதான் போகும்.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை ஹலீம் நல்லமுத்துவைக் கடையின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"நல்லமுத்தண்ணே, ஒரு கொற சொல்லுங்க. சின்னக் கொற போதும்."

"கொறையே இல்லாததுக்கு என்னாத்த மொதலாளி சொல்றது?"

"ஒரு அட்ட கடிச்சிச்சுன்னு சொல்லுங்களேன். ஒண்ணே ஒண்ணு. நான் பதில் எழுதிருவேன். கொற தீந்துச்சுன்னு கோப்புல ஏறிரும். சான்று கைக்கு வந்திரும். இல்லாட்டி வருசக் கடைசியோட இந்தச் சவுக்காரமே இல்லண்ணே. அம்மாக்கண்ணு அக்கா காலுக்கு எங்க போவாங்க?"

"றுக்கையாத் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு? அவ ஒத்துக்கவே மாட்டா."

நல்லமுத்து மூட்டைகளைப் பார்த்தார். ஊரடங்கில் வந்த மரக்கறி லொறியை நினைத்தார். நல்லதுக்குத்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மனசு சமாதானமாகவில்லை என்பதை அந்த இடத்திலேயே கவனித்திருக்க வேண்டும்; கவனிக்கவில்லை. பிரியந்தி கொடுத்த படிவத்தில் அவர் சொல்லச் சொல்ல ஹலீம் எழுதினார். எத்தனை: ஓர் அட்டை. எங்கே: வலது கால். எப்போது: செவ்வாய்க்கிழமை. கீழே நல்லமுத்து தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார்.

விதிப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தை ஹலீம் வாசித்திருக்கவில்லை. முறைப்பாட்டு விசாரணையில் இருக்கும் பொருளைத் தொண்ணூறு நாள் விற்கவோ, கொடுக்கவோ, தேய்க்கவோ கூடாது. வைகாசி மாதம், மழை கொட்ட ஆரம்பித்த வாரத்தில், கடைப் பின்கட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். மறுநாள் பெரட்டுக் களத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு கடிதம் தொங்கியது. பொருளின் பெயர், குறையின் தன்மை, முறைப்பாட்டாளரின் முழுப்பெயர், டிவிசன், லய இலக்கம், அறை இலக்கம்.

அன்று மாலை அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, படியில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களிலும் இரத்தம் கோடு கோடாக இறங்கியிருந்தது. உப்பு எடுத்து வந்த கணவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கூர ஒழுகுறப்ப வாயத் தொறக்கல. கொழாயில தண்ணி வராதப்ப தொறக்கல. கண்டாக்கையா பேர வெட்டுனப்பவும் தொறக்கல. இதுக்குப் போயித் தொறந்தீங்களா?"

நல்லமுத்து உள்ளதைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே உப்பை வாங்கிக் காலில் தேய்த்தாள்.

"அப்ப போயிப் பொய்யினு சொல்லிட்டு வாங்க. சபைக்காரவுங்ககிட்டயும் சொல்லுங்க, அந்தப் பொம்பளகிட்டயும் சொல்லுங்க."

"சொல்றேன் புள்ள."

சொல்லியிருக்கலாம். வாய்ப்பு தானாக லயத்துக்கு நடந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை றுக்கையா பஸ்ஸில் வந்து இறங்கி, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். இதற்குமுன் அவள் அந்த லயத்துக்கு வந்ததில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எந்த எடத்துல கடிச்சிச்சுண்ணே? காட்டுங்க."

"ஆறிப் போச்சுங்க தங்கச்சி."

"அன்னிக்கு மழை ரொம்பவா? காலையில தேச்சீங்களா, இல்ல முந்தின நாள் தேச்சதா?"

"காலையிலதான்."

அவள் ஒரு பழைய கொப்பியைத் திறந்தாள். எந்த நாள் எந்த எண்ணெய் என்று இருபது வருடமாக எழுதி வைத்திருந்தாள். "இங்க பாருங்க. அந்த மாசத்துக் கட்டிக்கு வேப்பெண்ணெய் மாத்தி வாங்கினேன். பழைய ஆள் கடைய மூடிட்டாரு. எனக்கு அப்பவே மனசு கேக்கல. அதுதான் போலண்ணே. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

இங்கேதான் நல்லமுத்து செய்த காரியத்தை எழுதும்போது நமக்கே கூசுகிறது. உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்தது. ஹலீமின் முகமும் கூடவே வந்தது. சொன்னால் புருஷனும் பெண்சாதியும் என்ன ஆவார்கள் என்று ஒரு பயம் வந்தது. அந்தத் தடுமாற்றத்தில் அவர் சொன்னது இது:

"ஆமாங்க தங்கச்சி. வாசம்கூட லேசா வேற மாதிரிதான் இருந்திச்சு."

றுக்கையா தலையை ஆட்டிக்கொண்டு கொப்பியில் அதையும் எழுதினாள். உள்ளே அடுப்படியில் அம்மாக்கண்ணு ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் நல்லமுத்துவிடம் பேசவில்லை. வீட்டில் பாதிக் கட்டி பழைய சவுக்காரம் மீதி இருந்தது. அதை அவள் பெரட்டுக்குக் கொண்டுபோய், சட்டத்தையும் பாராமல், இருபத்திரண்டு சீவலாகச் சீவிக் கொடுத்தாள். நல்லமுத்துவுக்கு என்று ஒன்று வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொண்ணூறு நாளும் அட்டைகளுக்குக் காலை நீட்டிக்கொண்டு கான் வெட்டினார். அது ஒரு விதத்தில் அவருக்கு வேண்டியதாகவும் இருந்தது.

ஆவணியில் விசாரணை. சபையின் மண்டபத்தில் நீளமான மேசை. நடுவில் தவிசாளர் சுதாகரன், பக்கத்தில் பிரியந்தி, ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டிக்குள் ஐம்பது அட்டைகள், நன்றாகக் கொழுத்து. ஹலீமும் றுக்கையாவும் ஒரு பக்க வாங்குப் பலகையில், நல்லமுத்து மறு பக்கப் பலகையில்.

நல்லமுத்து பஸ்ஸில் வரும்போதே பாடம் பண்ணி வைத்திருந்தார். கேட்குமுன் எழுந்தார்.

"ஐயா, நான் எழுதிக் குடுத்தது பொய்யிங்க. என்னைய எந்த அட்டையும் கடிக்கல. அந்தச் சவுக்காரத்துல ஒரு கொறையும் இல்ல. என்னைய மன்னிச்சு அத விக்க விட்டுருங்க."

ஹலீம் தரையைப் பார்த்தார். யார் எழுதச் சொன்னது என்று தவிசாளர் கேட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம். தவிசாளர் கேட்கவில்லை. அவருக்கு அதில் அக்கறை இல்லை.

"நல்லமுத்து அவர்களே," என்றார் தவிசாளர் கனிவாக, "நீங்கள் பயப்பட வேண்டாம். இந்தச் சபை நுகர்வோரின் பக்கம் நிற்கிறது, நுகர்வோர் வேண்டாம் என்று சொன்னாலும் நிற்கும். முறைப்பாட்டைத் திரும்பப் பெற எங்களிடம் படிவம் இல்லை. அப்படி ஒரு படிவம் தேவைப்படும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இங்கு வந்த யாரும் இதுவரை திருப்தியாகத் திரும்பியதில்லை."

"நான் திருப்திங்க ஐயா. இருவது வருசமாத் திருப்தி."

"அதை உடல் சொல்லட்டும். காலைக் காட்டுங்கள்."

நல்லமுத்து காற்சட்டையைச் சுருட்டினார். பிரியந்தி ஒரு பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். மண்டபத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். எண்ணி முடித்து அவள் நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"நாற்பத்து மூன்று, சேர்."

"நாற்பத்து மூன்று," என்றார் தவிசாளர், ஒவ்வோர் எழுத்தாக. "ஒன்று என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு அடக்கமான மனிதர். நாற்பத்திரண்டை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்."

"இது இப்ப கடிச்சதுங்க ஐயா. சவுக்காரத்த நீங்க நிப்பாட்டின பொறகு கடிச்சது. அது இல்லாததாலதான் கடிச்சது. இதுவே அதுக்குச் சாட்சி இல்லீங்களா?"

தவிசாளர் பேனாவைக் கீழே வைத்தார். "கவனியுங்கள். தேய்த்தபோது கடித்தது என்று எழுத்தில் தந்திருக்கிறீர்கள். தேய்க்காதபோதும் கடித்தது என்று வாயால் சொல்கிறீர்கள். தேய்த்தாலும் கடி, தேய்க்காவிட்டாலும் கடி என்றால் சவுக்காரம் எதற்கு? உங்களையே கேட்டுப் பாருங்கள்."

நல்லமுத்து தன்னையே கேட்டுப் பார்த்தார். அதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்றுதான் சொல்ல வரவில்லை. முறைப்பாடு நிரூபிக்கப்பட்டது என்றும், உற்பத்தியாளர் சபையின் ஆலோசகரைக் கொண்டு பொருளைத் திருத்த வேண்டும் என்றும் தீர்ப்பு எழுதினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஹலீம் முன்னால் போய், கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். றுக்கையா நல்லமுத்துவுக்கு எதிர் இருக்கையில் இருந்தாள். பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களேண்ணே, அத்தன பேருக்கு முன்னால."

"இல்லங்க தங்கச்சி. இன்னைக்குச் சொன்னதுதான் நெசம். அன்னைக்குச் சொன்னதுதான் பொய்யி. வாசம் மாறிச்சுன்னு சொன்னனே, அதுவும் பொய்யி. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். அதில் ஈரம் இருந்தது. "என் கண்ணால பாத்தேனே உங்க கால. நாப்பத்தி மூணு. விடுங்கண்ணே, நான் சரிபண்ணிருவேன்."

நல்லமுத்து முன்னால் எட்டிப் பார்த்தார். ஹலீமின் பிடரி மட்டும் தெரிந்தது. மொதலாளி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க என்று கூப்பிட வாயெடுத்தார். பிடரி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. கூப்பிடவில்லை.

றுக்கையா சரிபண்ணினாள். தன் கையை நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவள் யார் பேச்சையும் கேட்டவள் அல்ல. இப்போது எல்லாரும் சொன்னதைக் கேட்டாள். புகையிலை நுகர்வோருக்கு உகந்ததல்ல என்றார் ஆலோசகர், எடுத்துவிட்டாள். வேப்பெண்ணெய்க்குப் பதில் மல்லிகை வாசனை என்றார், ஊற்றினாள். இளஞ்சிவப்பு நிறம், மட்டைப் பெட்டி, ஐந்து நட்சத்திரத்தோடு மினுங்குகிற முத்திரை. சான்றுக் கட்டணத்தையும் ஆலோசனைக் கட்டணத்தையும் ஏற்றியபோது விலை முந்நூற்றெண்பது ஆயிற்று. முதல் மழைக்கே அது காலைவிட்டுக் கழுவிக்கொண்டு போனது. பெரட்டில் பெண்கள் அட்டைக்கு மல்லிகை வாசம் பிடிக்கும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். முறைப்பாடு செய்ய நல்லமுத்துவிடம் பாடம் கற்றுக்கொண்ட மாதிரி, மலைமலையாக எல்லாரும் சபையின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரே மாதத்தில் அறுநூற்றுப் பதினொன்று. அத்தனைக்கும் சபையே பதில் அச்சடித்து அனுப்பி, அதற்குரிய கட்டணத்தை ஹலீமுக்கு எழுதியது. ஹலீம் அந்தக் கடிதங்களை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். றுக்கையாவுக்குத் தெரிந்ததெல்லாம், அறுபதுக்கு அறுபது வாங்கியாயிற்று என்பதுதான்.

கார்த்திகையில் விழா. நல்லமுத்துவை முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தி, 'முதல் முறைப்பாட்டாளர்' என்று ஒரு பட்டயம் கொடுத்தார்கள். தவிசாளர் பேசினார்.

"இருபது வருடங்கள். யோசித்துப் பாருங்கள். இருபது வருடங்கள் இந்தச் சவுக்காரம் யாருடைய கண்காணிப்பும் இல்லாமல், ஒரு கோப்புகூட இல்லாமல், தான்தோன்றித்தனமாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு பதில் இல்லை. அந்த இருட்டிலிருந்து அதை மீட்டது இந்தச் சபை. இன்று அதைப் பற்றி அறுநூறு பேர் பேசுகிறார்கள். ஒரு பொருள் நன்றாக இருந்தால் அதை வாங்கியவருக்கு மட்டும்தான் லாபம். அது திருத்தப்பட்டால் எத்தனை பேருக்கு வேலை."

கைதட்டினார்கள். பிரியந்தி தட்டவில்லை. விழா முடிந்ததும் அவள் நல்லமுத்துவின் பக்கத்தில் வந்து, பழைய கட்டி எங்கேயாவது மீதி இருக்குமா என்று இரகசியமாகக் கேட்டாள். இருந்தால் அவர் கொடுத்திருப்பார். றுக்கையா நினைத்தாலும் இனிப் பழையதைக் காய்ச்ச முடியாது. சான்று பெற்ற பொருளின் சேர்மானத்தை மாற்றினால் கடைக்கே பூட்டு.

இப்போது அம்மாக்கண்ணுவும் மற்றப் பெண்களும் உப்பைத் துணியில் முடிந்து காலில் கட்டிக்கொண்டு போகிறார்கள். மழையில் உப்புக் கரைந்ததும் பழைய கதைதான். அந்த இளஞ்சிவப்புப் பெட்டியைத் தோட்டத்தில் யாரும் வாங்குவதில்லை. நட்சத்திரம் பார்த்து வாங்குகிற விருந்தினர் விடுதிகளுக்குத்தான் போகிறது. தோட்டத்திலிருந்து அதை வாங்குகிறவர் ஒரே ஒருவர். சம்பளச் சனிக்கிழமை தவறாமல் நல்லமுத்து போய் ஒன்று வாங்கி, அதைத் தன் காலிலேயே தேய்த்துக்கொண்டு கான் வெட்டப் போகிறார். அம்மாக்கண்ணு ஒருநாள், "இது என்னா வேண்டுதலா?" என்று கேட்டாள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

போன சனிக்கிழமையும் போயிருந்தார். அரை நாள் வேலை முடிந்து, காற்சட்டையைக் கழற்றிச் சாரம் கட்டிக்கொண்டு நேரே பஸ் ஏறி வந்தவர். ஹலீம் பெட்டியை எடுத்து வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை, அது பழகிவிட்டது. குரல் கேட்டு றுக்கையா பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் மல்லிகை வாசம் அடித்தது.

"எப்பிடிண்ணே இருக்கு? இப்ப கடிக்குதா?"

சாரத்துக்குள்ளே முழங்காலுக்குக் கீழே சூடாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது நல்லமுத்துவுக்குத் தெரிந்தது. எத்தனை இடத்தில் என்று அவர் எண்ணுவதை விட்டு நாளாகிறது.

"இல்லங்க தங்கச்சி. ஒண்ணுகூட இல்ல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாம் உங்களாலதான்ணே. அன்னிக்கு நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க. வேற யாரு சொல்லுவாங்க?"

நல்லமுத்து காசைக் கொடுத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் நின்ற இடத்தில், சீமெந்துத் தரையில், காசளவு இரண்டு சொட்டு சிவப்பாக இருந்தது. றுக்கையா குனிந்து பார்க்குமுன் ஹலீம் கல்லாவைவிட்டு இறங்கி வந்து, அதன்மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டார்.